நேத்து வெச்ச பூ

கோயம்புத்தூரில் ஒரு வார இறுதிச் சந்தையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். இந்தப் பக்கம் மரச்செக்கு எண்ணெய், அந்தப் பக்கம் கருப்பட்டி மிட்டாய், நடுவில் மல்லி வாசனை அடைத்த என் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்தார், கொண்டையைச் சுற்றி இரண்டு வரிசை மல்லி. குப்பியைத் திறந்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். அப்புறம் ரொம்ப மரியாதையாக, "இது மல்லி இல்லீங்களே அம்மிணி" என்றார். போகிற போக்கில் விலையும் கேட்டார். 8 மில்லி 650 ரூபாய் என்றேன். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, சிரிக்கவில்லை. தலையிலிருந்து ஒரு கண்ணியைக் கிள்ளி என் மேசையில் வைத்து, "இதுதானுங்க மல்லி" என்று சொல்லிவிட்டுக் கருப்பட்டி மிட்டாய் பக்கம் நகர்ந்துவிட்டார்.

என் தொழிலின் சிக்கலை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. டெல்லிக்கும் சண்டிகருக்கும் கூரியரில் போகிற குப்பிகளைப் பற்றி இப்படி ஒரு புகார் வந்ததே கிடையாது, அங்கே எனக்கு ஐந்து நட்சத்திரம்தான். சத்தியமங்கலத்திலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் இருக்கிற சனங்களிடம் அந்தப் பாச்சா பலிக்காது. காலையில் பஸ் ஸ்டாண்டில் முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள், ராத்திரி அதே பூவின் வாடிய வாசத்தோடு தூங்குகிறவர்கள். அவர்கள் மூக்கை ஏமாற்ற முடியாது.

எங்கள் தோட்டம் சத்தியமங்கலத்துக்கு மேற்கே, பவானிசாகர் போகிற வழியில். ஒன்றரை ஏக்கர் மல்லி, அரை ஏக்கர் சம்பங்கி, வரப்போரம் கொஞ்சம் மரிக்கொழுந்து. மல்லி பறிப்பது ராத்திரி வேலை. மூன்று மணிக்கே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பெண்கள் காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மின்மினி மேய்கிற மாதிரி இருக்கும், வெளியூர்க்காரர்கள் அதைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். பறிக்கிறவர்களுக்கு அது இடுப்புவலி, பனி, பாம்புப் பயம். விரியாத மொட்டாகப் பறித்தால்தான் விடிகாலையில் மார்க்கெட் ஏலத்துக்குப் போய், அங்கிருந்து வண்டியேறி, கோவைக்கோ மைசூருக்கோ கேரளாவுக்கோ போய்ச் சேர்ந்து, சாயங்காலம் யாரோ ஒருத்தர் தலையில் விரியும். யோசித்துப் பாருங்கள், நாங்கள் விற்பது இன்னும் வாசம் வராத மொட்டு. வாசம் வருகிற நேரத்தில் அது எங்களிடம் இருக்காது.

இது எனக்கு உறைத்தது 2020 ஏப்ரலில். அதுவரை பதினொரு வருஷம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை, தையலில் நூல் தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கழுத்து தேய்ந்திருந்தது. ஊரடங்கில் கம்பெனியைப் பூட்டினார்கள், தோட்டத்துக்கு வந்துவிட்டேன். சித்திரை மாசம், மல்லி கொட்டுகிற பருவம். மார்க்கெட் இல்லை, பஸ் இல்லை, கோயில் நடை திறக்கவில்லை, கல்யாண மண்டபமெல்லாம் பூட்டு. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று அப்பா செடியிலேயே விட்டுவிட்டார். பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் ஒன்றரை ஏக்கரும் ஒன்றாக விரிந்தது. பிறந்ததிலிருந்து மல்லிக்காட்டில் புழங்குகிறவள் நான், விரிந்த மல்லிக்காடு எப்படி மணக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். தலை சுற்றுகிற வாசம், எங்கள் வீட்டு நாய் தும்மிக்கொண்டே இருந்தது. அம்மா திண்ணையில் உட்கார்ந்து "அத்தனையும் வீணாப் போவுதே சாமி" என்று புலம்பிக்கொண்டிருந்தாள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் கூடவே ஒரு பேராசையும் வந்தது, இதைப் பிடித்து வைக்க முடியுமா என்று.

முதலில் எல்லாரும் செய்கிற முட்டாள்தனத்தைத்தான் நானும் செய்தேன். குக்கரில் பூவும் தண்ணீரும், விசில் போடுகிற இடத்தில் ஒரு செம்புக் குழாய், குழாயை ஐஸ் தண்ணீர் நிறைந்த போசிக்குள் சுற்றிவிட்டு முனையில் ஒரு பாட்டில். வந்தது வேகவைத்த கீரைத் தண்ணீர். யூகலிப்டஸ் தழையும் எலுமிச்சைப்புல்லும் தாங்குகிற ஆவியை மல்லி தாங்காது, அதன் வாசத்தில் நுணுக்கமான பங்கெல்லாம் சூட்டில் கெட்டுவிடும். உத்தரப்பிரதேசத்தில் கன்னோஜ் என்கிற ஊரில் செம்புப் பானையில் மல்லியைப் போட்டு, தீயை அடக்கி அடக்கி எரித்து, வருகிற ஆவியைச் சந்தன எண்ணெய்க்குள் இறக்கி 'மோத்தியா' என்கிற அத்தர் செய்கிறார்கள். அங்கே வாசத்தைப் பிடித்து வைப்பது சந்தனம். எங்கள் வாசலில் நின்றால் தெரிகிற சத்தியமங்கலம் மலையே சந்தனத்துக்குப் பேர் போனதுதான், அதனால் எனக்கு என்ன, அங்கே ஒரு குச்சியைத் தொட்டாலும் கேஸ். உரிமம் பெற்ற கடையில் வாங்கலாம் என்று விலை கேட்டேன், கேட்டதோடு சரி.

அப்புறம் கொழுப்பில் வாசம் ஏற்றுகிற பழைய பிரெஞ்சு முறையைப் படித்தேன். கண்ணாடித் தட்டில் கொழுப்பைப் பூசி, அதன் மேல் பூவைக் கவிழ்த்து அடுக்கி, ஒரு நாள் கழித்து வாடினதைப் பொறுக்கி எடுத்துவிட்டுப் புதுப்பூ வைக்க வேண்டும். இப்படி இருபது முப்பது தடவை. மல்லிக்கும் சம்பங்கிக்கும் இது ஏன் தோதுப்படும் என்றால், பறித்து மணிக்கணக்கான பிறகும் இந்த இரண்டும் வாசத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ரோஜாவுக்கு அந்தத் தெம்பு கிடையாது. பிரான்சில் கிராஸ் என்கிற ஊரில் பன்றிக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் கலந்து பூசியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதைப் பேச்சுக்குக்கூட எடுக்க முடியாது, அதே பூவிலிருந்துதான் அம்மா முதல் முழத்தைப் பண்ணாரி அம்மனுக்குக் கட்டுவாள். டால்டா வாங்கிப் பார்த்தேன். மல்லி போட்ட பேக்கரி பிஸ்கட் மாதிரி இருந்தது. சரி என்று தேங்காய் எண்ணெய்க்கு வந்தேன்.

இங்கேதான் மாசக்கணக்கு குறுக்கே விழுந்தது. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால்தான் உறையும், எங்கள் பக்கம் அது தானாக உறைவது மார்கழி, தை ராத்திரிகளில். அந்த மாசங்களில் பனி விழுந்து மொட்டே பிடிக்காது. தோட்டம் முழுக்கத் தேடினால் இரண்டு கிலோ வரும், விலையோ கிலோ ஆயிரங்களில் நிற்கும், தை முகூர்த்தம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அப்போது போய் அப்பாவிடம் பூ கேட்டால் பெற்ற மகள் என்றும் பார்க்க மாட்டார். பூ கொட்டிக் கிடக்கிற சித்திரையில் எண்ணெய் தண்ணீராக ஓடும். ஒரு வைகாசி முழுக்க ஏசி அறையில் தட்டுகளை வைத்துப் பார்த்தேன். கரண்ட் பில் கிடக்கட்டும், ஈரம் உலராத பூவை அவசரத்தில் அடுக்கிவிட்டேன், பதினெட்டுத் தட்டில் பதினொன்று பூசணம் பிடித்துப் போயிற்று. பதினொரு தட்டு என்பது எனக்கு அன்றைக்கு மூன்று வாரத்து வேலை. அத்தனையையும் எருக்குழியில் வழித்துக் கொட்டினேன், இரண்டு நாள் எருக்குழி மட்டும் சொர்க்கம் மாதிரி மணந்தது.

பெரிதாகச் செய்கிறவர்கள் இந்தப் பாடெல்லாம் படுவதில்லை. மொட்டை வாங்கித் தரையில் பரப்பி வைத்திருந்து, ராத்திரி அது விரிந்த பிறகு டாங்கில் போட்டு ஹெக்சேன் என்கிற கரைப்பானை விடுகிறார்கள். கரைப்பானை ஆவியாக்கி எடுத்துவிட்டால் மெழுகு மாதிரி ஒன்று தங்கும், அதற்குக் கான்கிரீட் என்று பெயர். (முதன்முதலில் "கான்கிரீட் வாங்கப் போறேன்" என்று சொன்னபோது அப்பா, வீடு கட்டுகிறாயா என்றார்.) அதை ஸ்பிரிட்டில் கரைத்து, குளிரவைத்து, மெழுகை வடிகட்டி, ஸ்பிரிட்டையும் நீக்கினால் மிஞ்சுவது அப்சல்யூட். கோவை வேளாண் பல்கலைக்கழகம் தருகிற அளவுப்படி குண்டுமல்லியில் கான்கிரீட் 0.14 முதல் 0.19 சதவீதம்தான். முல்லையிலும் பிச்சியிலும் அதைவிடக் கூட, சம்பங்கியில் இன்னும் குறைவு. ஒரு டன் மல்லிக்கு ஒன்றரை கிலோ கான்கிரீட் என்று வையுங்கள், அதிலும் பாதிதான் அப்சல்யூட். ஒரு டன் என்பது எங்கள் தோட்டத்தில் நல்ல பருவத்திலேயே ஒரு மாசத்துக்கு மேல் பறிக்க வேண்டிய சுமை. அது முக்கால் கிலோ பழுப்புத் திரவமாகச் சுருங்கி ஒரு அலுமினியப் பாட்டிலுக்குள் போய்விடும். தமிழ்நாட்டு மல்லி இந்த வடிவத்தில்தான் பிரான்ஸ் வரைக்கும் போகிறது.

பத்து கிராம் அப்சல்யூட் வாங்கினேன். பெருமையாகத் திறந்து அம்மாவிடம் நீட்டினேன்.

"பாச்சா உருண்டை" என்றாள்.

சொன்னது சரிதான். மல்லியில் இண்டோல் என்று ஒன்று இருக்கிறது. அது கெட்டியாக இருந்தால் பாச்சா உருண்டை மாதிரி, இன்னும் வெளிப்படையாகச் சொன்னால் கொஞ்சம் சாணி மாதிரிகூட அடிக்கும். நூற்றுக்கு ஒரு பங்காக எண்ணெயில் கரைத்து ஒரு வாரம் வைத்தால் அதே சரக்கு மெல்ல மெல்ல விரியும். மல்லியிலிருந்து அந்த நாற்றத்தை மட்டும் கழித்துவிட்டால் மிஞ்சுவது சோப்பு வாசம். கடைகளில் 'மல்லி' என்று எழுதி விற்கிற பலதும் ஏன் பொய்யாகத் தெரிகிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது, அவற்றில் அழுக்கு இல்லை. பூ என்பது கொஞ்சம் அழுகலும் சேர்ந்ததுதான்.

இதை எதில் கரைத்து விற்பது என்பது அடுத்த கூத்து. சென்ட் என்றால் ஸ்பிரிட் வேண்டும், ஸ்பிரிட் என்றால் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி வேண்டும். தென்னங்கள்ளு இறக்க அனுமதி கேட்டு விவசாயிகள் வருஷக்கணக்காகப் போராடுகிற சீமையில், தோட்டத்து வீட்டில் ஒரு பெண்பிள்ளை பீப்பாயில் ஸ்பிரிட் வைத்துக்கொள்ள மனுப்போட்டால் எப்படி இருக்கும்? நான் மனுப்போடவில்லை, விசாரித்ததோடு விட்டேன். அதற்குள்ளேயே ஒறம்பரை சொந்தபந்த வட்டாரத்தில் நான் சாராயம் காய்ச்சுவதாகப் பேச்சு. எண்ணெயும் தேன்மெழுகுமே போதும் என்று முடிவு செய்தேன். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அழகுசாதன உரிமம் தனி. அதற்கு வேண்டிய கூடமும் ஆளும் என்னால் ஆகாத காரியம். அதனால் லோன் லைசென்ஸ், அதாவது ஏற்கெனவே உரிமம் இருக்கிற ஒருவருடைய கூடத்தில் நம் சரக்கைச் செய்து அடைத்துக்கொள்வது. இந்தக் காகித வேலையைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் எனக்கே கொட்டாவி வரும்.

மாசக்கணக்குக்கு வருகிறேன். சித்திரையில் தேங்காய் எண்ணெய் உறையாது, சரி, இன்னும் விதைக்குள்ளேயே இருக்கிற எண்ணெய் ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது, எள். வடக்கே சமேலி எண்ணெய் என்று விற்றது பழைய காலத்தில் இப்படித்தான்: தோல் நீக்கிய எள்ளைப் பரப்பி, அதன் மேல் மல்லி வகைப் பூவைப் போட்டு, மறுபடி எள், மறுபடி பூ, தினமும் வாடின பூவைப் புடைத்து எடுத்துவிட்டுப் புதுசு போட வேண்டும். எள் தனக்குள் இருக்கிற எண்ணெயில் வாசத்தை வாங்கிக்கொள்ளும். கடைசியில் செக்கில் போட்டு ஆட்டினால் வாசத்தோடு எண்ணெய் வரும். குளிர் வேண்டாம், ஹெக்சேன் வேண்டாம், சித்திரை வெயிலும் சித்திரைப் பூவும் போதும். இத்தனை நாள் கிராஸையும் டால்டாவையும் கட்டிக்கொண்டு அழுதவள், அம்மாவின் அரிசிப் பானைக்குப் பக்கத்திலேயே எள் பானை இருப்பதைப் பார்க்கவில்லை.

பூவைச் சாயங்காலம் பொழுதோட பறித்தோம், அரை விரியலில். பழைய வேட்டிகளை விரித்து இருபது கிலோ வெள்ளை எள். ஒரு வரிசை எள், ஒரு வரிசை பூ. காலையில் முறத்தில் போட்டுப் புடைத்தால் வாடிய பூ தனியாக வந்துவிடும், அம்மாவுக்கு அது சுலபமான வேலை, எனக்குத்தான் எள் பூராவும் தரையில் சிந்தியது. பூவின் ஈரத்தை எள் குடித்துவிடும் என்பதால் நடுவில் நிழலில் ஆறப்போட வேண்டும். இப்படிப் பன்னிரண்டு நாள். பத்தாவது நாள் எள்ளை வாயில் போட்டுக் கடித்தேன், மல்லி மென்ற மாதிரி இருந்தது. அந்த ருசி நல்லதா கெட்டதா என்று இன்னும் எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை.

செக்குக்காரர் ஒத்துக்கொள்ள இரண்டு தடவை நடந்தேன். முதல் சண்டை கருப்பட்டிக்காக. நல்லெண்ணெய் ஆட்டும்போது கருப்பட்டி போடுவது வழக்கம், போட்டால் எண்ணெய் நன்றாகப் பிரியும். எனக்குக் கருப்பட்டி வாசம் கூடாது.

"கருப்பட்டி போடாம எண்ணெய் எப்படிங்க பிரியும்?"

"கொஞ்சம் வெந்நீர் தெளிச்சுப் பாக்கலாங்ணா."

"பாக்கலாமுங்க, எண்ணெய் கொறைஞ்சா என்னைச் சொல்லப்புடாது. அப்புறம் இன்னொண்ணுங்கம்மிணி, இந்த வாசம் செக்குல ஏறிக்கிச்சுன்னா அடுத்து வர்ற கடலைக்கும் ஏறுமுங்க. அதுக்கு யாரு பதில் சொல்றது?"

நான்தான் என்றேன். எண்ணெய் குறைவாகத்தான் வந்தது, இருபது கிலோவுக்கு ஏழு லிட்டருக்கும் கீழே. தெளிய ஒரு வாரம் விட்டேன். எள்ளுக்கென்று இருக்கிற மணம் அடியில் இருந்தது, மேலே மல்லி, ஆனால் அந்த அம்மா மேசையில் கிள்ளி வைத்த மல்லி இல்லை. மழுங்கினது, கொஞ்சம் கனமானது. எனக்கு மனசே விட்டுப்போயிற்று. அம்மா உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தலையில் தேய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம், "நேத்து வெச்ச பூ மாதிரி இருக்குது கண்ணு" என்றாள்.

யாருக்குத் தெரியாது அந்த வாசம்? கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, அசதியில் பூவை எடுக்காமலே படுத்து, காலையில் தலையணையில் பழுப்பேறிக் கிடக்கிற சரம். அம்மாயி சீலைப் பெட்டியைத் திறந்தால் வருவதும் கிட்டத்தட்ட அதுதான். புதுப்பூ முழம் போட்டு எல்லாத் தெருவிலும் விற்கிறது. நேற்று வைத்த பூவை யாரும் விற்கவில்லை. குப்பியில் 'மல்லி' என்று ஒட்டியிருந்ததைக் கிழித்துவிட்டு 'நேத்து வெச்ச பூ' என்று அச்சடித்தேன். அடுத்த சந்தையில் இரண்டு பெண்கள் லேபிளைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள், முகர்ந்தார்கள், ஒருத்தி "எங்க பாட்டி ஊடுங்க இது" என்று ஒரு குப்பி வாங்கிக்கொண்டு போனாள். 'இது மல்லி இல்லீங்களே' என்று அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை, சொன்னாலும் ஆமாங்க என்று சொல்ல எனக்கு வசதியாகிவிட்டது.

"கெமிக்கல் ஏதும் இல்லீங்களே?" என்று கேட்பவர்கள் மட்டும் குறையவில்லை. இந்தக் கேள்விக்கு நான் நல்ல வியாபாரியாகப் பதில் சொல்வதில்லை. மல்லியே கெமிக்கல்தான், பென்சைல் அசிடேட், லினலூல், அப்புறம் நம்ம பாச்சா உருண்டை. இயற்கை என்பதாலேயே தோலுக்கு ஆகிவிடும் என்றும் இல்லை, இயற்கையாக வந்த லினலூலும் சிலருக்கு அரிக்கும். முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு தேய்த்து ஒரு நாள் பாருங்கள் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். செயற்கை வாசனை மேல் எனக்குப் பகை கிடையாது. 1921இல் வந்த ஷனெல் நம்பர் 5 என்கிற பிரெஞ்சு சென்ட்டில்கூடக் கிராஸ் மல்லியோடு ஆய்வுக்கூடத்து ஆல்டிஹைடு சேர்ந்துதான் இருக்கிறது. அதைச் செய்தவர்கள் பூவை ஏமாற்றவில்லை. வெறும் ஆய்வுக்கூடச் சரக்கை நிரப்பிவிட்டு, மேலே மல்லிக்காட்டுப் படத்தை ஒட்டி 'சுத்தமான இயற்கை' என்று போடுகிறவர்கள்மேல்தான் எரிச்சல். மெழுகுக் குப்பிகளில் நான் சேர்க்கிற அப்சல்யூட் ஹெக்சேனில் எடுத்தது என்று அட்டையிலேயே எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டுத் திருப்பி வைத்தவர்களும் உண்டு. வைக்கட்டும்.

எண்ணெயில் சேருகிற மற்றவை இரண்டே இரண்டு. வாசம் சீக்கிரம் பறந்துவிடாமல் இருக்க அடியில் கடலூர்ப் பக்கத்து வெட்டிவேர் எண்ணெய், ரொம்பக் கொஞ்சம். ஒரு சரக்கில் மட்டும் மரிக்கொழுந்து. மரிக்கொழுந்து நல்ல பிள்ளை, ஆவியில் போட்டாலும் கோபித்துக்கொள்ளாது, குக்கரிலேயே வரும். ஆளுக்கு ஆள் வேறு மாதிரி மணக்கும் என்பார்கள், என் கையில் பழம் மாதிரி, அம்மா கையில் மருந்து மாதிரி.

பணம்? பெரிய ஆதாயம் ஒன்றும் இல்லை, திருப்பூர்ச் சம்பளத்தை இன்னும் எட்டவில்லை. முட்டுவழிச் செலவில் பாதி குப்பிக்கும் அட்டைப் பெட்டிக்கும் போகிறது, பூவுக்கு இல்லை என்பது எனக்கே கேவலமாக இருக்கிறது. அப்பாவோடு ஒரு பேச்சு வைத்திருக்கிறேன்: சித்திரை, வைகாசியில் மார்க்கெட் விலை பறிப்புக் கூலிக்குக் கீழே போகிற நாளில் நான் எடுத்துக்கொள்கிறேன், கூலி முழுசும் என்னுடையது, அதற்கு மேல் கிலோவுக்கு ஒரு நிலையான விலை. விலை ஏறுகிற நாளில் ஒரு மொட்டுகூடக் கேட்க மாட்டேன். முதல் வருஷம் இதற்குச் சிரித்தார். போன வருஷம் பக்கத்துத் தோட்டத்து மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்து, "இவனோடதும் அதே வெலைக்கு எடுத்துக்க அம்மிணி" என்றார். என்னால் ஆகாது. ஏழு லிட்டர் எண்ணெய் விற்கவே எனக்குப் பத்து மாசம் ஆகிறது. ஒரு காலைக்கு அந்த மார்க்கெட்டுக்கு வந்து இறங்குகிற மூட்டைகளுக்கு முன்னால் என் இருபது கிலோ எள் எந்த மூலைக்கு? மாமாவிடம் அதைச் சொல்ல முடியாமல் காபி கொடுத்து அனுப்பினேன்.

இந்தச் சித்திரையில் நாற்பது கிலோ எள் போட்டிருக்கிறேன். முதல் இருபது கிலோவை ஆட்டிவிட்டு வந்த நாலாம் நாள் செக்குக்காரர் போன் செய்தார்.

"ஏனுங்கம்மிணி, நம்மகிட்டக் கடலை ஆட்டுனவரு சத்தம் போடறாருங்க. ஊட்டுல வடை சுட்டா மல்லி வாசம் அடிக்குதாமா."

"அய்யோ, என்னங்ணா பண்றது இப்போ?"

"புண்ணாக்குப் போட்டு ரெண்டு தடவை ஆட்டிக் கழுவியிருக்கறனுங்க. ஆள் கூலி நானூறு ரூபா, ஜீபே போட்டுவுடுங்க." கொஞ்சம் நிறுத்தினார். "அப்பறம் அந்த எண்ணெய்ல ஒரு குப்பி கொண்டாங்க. எங்கூட்டுல கேட்டாங்க."